எண்பது பனியன்

முதலிபாளையம்
7 ஜூன் 2026

மைதிலிக் கண்ணுக்கு மாமா ஆத்தப்பன் எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். நம் தையல் மெஷின்கள்தான் சுகமில்லை. ஏழில் நாலு ஓடுகிறது, மூன்றின் மேல் துணி போர்த்தி வைத்திருக்கிறேன். ஆர்டர் இல்லை. உன் அம்மா செக்கிங் டேபிளில் ஒரே பீஸை இரண்டு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்துப் பொழுதை ஓட்டுகிறாள்.

கடற்படைக் கப்பலில் ஏறினால் போனை வாங்கிப் பூட்டி வைத்துவிடுகிறார்கள் என்று அவளுக்குக் குறை. நான்தான் சமாதானம் சொன்னேன். போனில் பேசினால் மேலே சாட்டிலைட்டில் ஒருத்தன் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். காகிதம்தான் பத்திரம். இதைப் பத்து வருஷத்துக்கு முன்பே கோயமுத்தூர் ரயிலில் ஒரு கர்னலிடம் சொன்னேன். மனுஷன் எழுந்து நின்று கை கொடுத்தார்.

ராமர் டீக்கடையில் இப்போது உன் கப்பல்தான் பேச்சு. ராமர் தெற்கத்திக்காரர், கடல் பார்த்த ஊர். அவருக்கே சந்தேகம். "ஏண்ணே, கப்பல் கரையில ஏறுனா தரை தட்டிராதா?" என்றார். "தரை தட்டறதுக்குன்னே கட்டின கப்பலுங்க ராமரு! அடி தட்டையா இருக்கும். நேரா மணல்ல போயி உக்காந்து, முதலையாட்டம் வாயத் தொறக்கும். உள்ளிருந்து டாங்கி டாங்கியா எறங்கும்." "எத்தனை டாங்கிண்ணே?" "நாப்பது." கடையில் எல்லாரும் கையில் இருந்த டீ ஆறியது தெரியாமல் நின்றார்கள்.

என் கருத்தைக் கேள். பெரிய பெரிய கப்பலாகக் கட்டக் கூடாது. பெரிய கப்பல் என்பது நூலிலிருந்து பெட்டி கட்டுவது வரை ஒரே கூரைக்குள் நடக்கிற பெரிய மில் மாதிரி. ஒரு இடத்தில் தீப்பிடித்தால் எல்லாம் போச்சு. நம்மைப் போலக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க் யூனிட்டாகச் சின்னச் சின்னதாகப் பரத்தி வைக்க வேண்டும். ஒருத்தன் ஷட்டரைச் சாத்தினாலும் இன்னொருத்தனிடம் சரக்கு ஓடும். டெல்லியில் திட்டம் போடுகிறவர்கள் ஒரு வாரம் முதலிபாளையத்தில் வந்து தங்கினால் போதும். நான் அந்தக் காலத்தில் ராணுவத்துக்குப் போயிருந்தால் இதையெல்லாம் அப்போதே சரி செய்திருப்பேன். ஆள் எடுக்கிற இடத்தில் என் நெஞ்சளவைப் பார்த்துவிட்டு, இந்த அளவுக்குச் சட்டை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம், உங்கள் ஆட்களுக்கு டீ-சர்ட் வேண்டும் என்று அம்மா சொன்னாள். அந்தப் பொறுப்பை அதிகாரி உன்னிடம் கொடுத்திருக்கிறாராமே. கவலையை விடு. இந்திய ராணுவம் பார்க்காத பனியனாகச் செய்து அனுப்புகிறேன்.

மாமா

*

கிழக்குக் கரை
22 ஜூன் 2026

மாமாவுக்கு,

நாற்பது டாங்கி இல்லை. அதில் நாலில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். டீக்கடையில் திருத்திச் சொல்ல மாட்டீர்கள் என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

நீங்கள் சொல்கிற சின்னக் கப்பலில்தான் இருக்கிறேன். அடி தட்டையாக இருப்பதால் கொஞ்சம் அலை எழும்பினாலும் தொட்டில் மாதிரி ஆடும். போன வாரம் முழுக்க ஒரு கையில் கிரீஸ் டப்பா, இன்னொரு கையில் வாந்தி வாளி. நீங்கள் முதலை வாய் என்றீர்களே, அந்தக் கதவும் சாய்தளமும்தான் என் வேலை. கீல், சங்கிலி, எண்ணெய் அழுத்தம். பெயின்ட் அடித்து முடிப்பதற்குள் முதலில் அடித்த பக்கம் துருப்பிடித்துவிடும். திரும்ப அங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும். அலுப்பாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

கரையேறுவதும் நீங்கள் நினைப்பது போல இல்லை. கரைக்கு வருவதற்கு முன்பே பின்பக்க நங்கூரத்தைப் போட்டுவிட்டு வர வேண்டும். திரும்பிப் போகும்போது அதைப் பிடித்துத்தான் மணலிலிருந்து பின்னால் இழுத்துக்கொள்வோம். அது பிடிக்காவிட்டால் கடல் மட்டம் மறுபடி ஏறும்வரை அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இந்தக் காலத்தில், தலைக்கு மேல் டிரோன் பறக்கிற காலத்தில், அப்படி உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

டீ-சர்ட் எண்பது போதும். நீலம். முதுகில் கப்பலின் கோட்டுப்படம், நான் வரைந்து அனுப்பியிருப்பது மட்டும். கரையேறும் பயிற்சி ஒன்று வருகிறது, அதற்கு முன்னால் வர வேண்டும். அவசரம் புரியட்டும் என்று துறைமுகத்தில் இருந்தபோது அம்மாவிடம் போனில் பயிற்சி நடக்கிற இடமும் தேதியும் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. நீங்கள் யாரிடமும் சொல்லாதீர்கள்.

உங்களுக்கே தெரியும், நான் அக்னிவீர். நவம்பரில் நாலு வருஷம் முடிகிறது. நாலில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்வார்கள். எங்கள் அதிகாரி எழுதுகிற மதிப்பீடுதான் கணக்கு. டீ-சர்ட் சின்ன விஷயம். ஆனால் அவர் என்னை நம்பிக் கொடுத்த விஷயம்.

மைதிலி

*

முதலிபாளையம்
19 ஜூலை 2026

கண்ணு,

சரக்கு கிளம்பிவிட்டது. எண்பதும் முத்து. காம்டு காட்டன், தொட்டால் வெண்ணெய். சாயம் போட்டதும் பட்டறைக்காரரே, "ஆத்தப்பண்ணா, கடலையே கொண்டாந்து முக்குன மாதிரி இருக்குதுங்க" என்றார். ஐம்பது கிலோத் துணிக்குக் கீழே மெஷினில் ஏற்ற மாட்டேன் என்று முரண்டு பிடித்தவர், கலரைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

டிரோனை நினைத்துப் பயப்படாதே. டிரோன் என்பது இந்த சீசன் ஃபேஷன். அடுத்த சீசனில் வேறு வரும். நம் நாட்டுத் திட்டத்தில் இருக்கிற கோளாறே வேறு. போன சீசனில் ஓடின கலருக்கு இந்த சீசனில் சாயம் போடுகிறார்கள். கப்பலுக்கு டெண்டர் விட்டு, அதில் விலை குறைத்தவனுக்குக் கொடுத்து, அவன் இழுத்தடித்துக் கட்டி முடிக்கும்போது சண்டையின் சைஸே மாறிவிடுகிறது. மீடியம் தைத்து வைத்திருக்கிறோம், வந்து நிற்பவன் டபுள் எக்ஸெல். ஹோவர்கிராஃப்ட் என்று ஒன்று இருக்கிறதே, தண்ணீரிலும் மணலிலும் காற்று மெத்தையில் போகுமே, அதை நூறு வாங்கு என்கிறேன். ராமர், "டீசல் யாருண்ணே ஊத்துவா?" என்றார். அந்தக் கேள்விக்கு டெல்லிதான் பதில் சொல்ல வேண்டும்.

முதுகில் வெறும் படம் மொட்டையாக இருந்தது. கம்பெனி ஆண்டு விழா பனியனில் எல்லாம் படத்துக்குக் கீழே இடம், தேதி போடுவார்கள். அப்போதுதான் பத்து வருஷம் கழித்து எடுத்துப் பார்த்தாலும் ஞாபகம் வரும். அதனால் நீ அம்மாவிடம் சொன்னதைப் படத்துக்குக் கீழே வெள்ளை நிறத்தில் இங்கிலீஷ் எழுத்தில் போட்டுவிட்டேன். யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. பனியன் உங்களுக்குத்தானே வருகிறது? உங்களுக்கே தெரிந்த சங்கதி உங்கள் முதுகில் இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? பிரித்துப் பார்த்ததும் அதிகாரி உனக்கு சல்யூட் அடிக்கப் போகிறார்.

மாமா

*

கிழக்குக் கரை
2 ஆகஸ்ட் 2026

மாமா,

பெட்டியை அதிகாரிதான் பிரித்தார். என்னையும் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டேதான் பிரித்தார். முதல் டீ-சர்ட்டை விரித்து முதுகைப் படித்தார். பிறகு மற்றவர்களை வெளியே போகச் சொன்னார்.

எங்கே இறங்கப் போகிறோம், என்றைக்கு இறங்கப் போகிறோம். கொட்டை எழுத்தில். எண்பது முதுகில்.

எண்பதையும் கிழிக்கச் சொல்லிவிட்டார்கள். நானே கிழித்தேன். இனி அவை என் கதவுக் கீலுக்கு எண்ணெய் துடைக்கிற துணி. துணி நன்றாகத்தான் இருந்தது. தையலைப் பிரித்ததில் கை வலித்தது.

எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். கதை வேண்டாம், கர்னல் வேண்டாம். எண்பதுக்கு மேல் ஒரு பீஸாவது அடித்தீர்களா? அடித்திருந்தால் எங்கே? பிரிண்ட் போட்ட ஸ்கிரீன் அச்சு எங்கே? உங்கள் பதிலை வைத்துத்தான் நான் இங்கே எழுதிக் கொடுக்க வேண்டும். வேறு பீஸ் வெளியே இருந்தால் பயிற்சியையே வேறு கரைக்கு மாற்றுவார்கள். அது பரவாயில்லை. பொய் சொன்னால்தான் பரவாயில்லை என்று சொல்ல முடியாது.

மைதிலி

*

முதலிபாளையம்
9 ஆகஸ்ட் 2026

மைதிலிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன் அம்மா, "அண்ணா, அந்தப் புள்ள தலையில கல்லத் தூக்கிப் போட்டுட்டீங்களே" என்று சாப்பிடாமல் படுத்துவிட்டாள். நான் கொடுத்தது கல் இல்லை, பனியன். அவ்வளவு அருமையான துணியைக் கிழித்திருக்கிறார்கள். எனக்கும் வருத்தம் இருக்காதா?

எதிரிக்கு என் பனியனைப் படித்துத்தான் தெரிய வேண்டுமா? மேலேயிருந்து பார்த்தால் உன் கப்பலின் ஆணி வரைக்கும் தெரியும் என்கிறார்கள். டிவியில் தினமும் நாலு பேர் உட்கார்ந்து எந்த ஏவுகணை எங்கே இருக்கிறது என்று சத்தம் போட்டுச் சொல்கிறார்கள். அவர்களை யாராவது கிழித்தார்களா? இந்த ஏழு மெஷின்காரன்தான் கிடைத்தானா?

கேட்டாயே, பதில் சொல்கிறேன். எண்பதுதான். எண்ணி எண்பது. ஸ்கிரீனை அன்றைக்கே கழுவிவிட்டார்கள். முப்பது வருஷமாகத் தொழில் செய்கிறேன், ஆர்டருக்கு மேல் ஒரு பீஸ் வெட்டினதாக எவனாவது சொல்லட்டும். வெளிநாட்டுக் கம்பெனிக்காரனே என் எண்ணிக்கையைத் திருப்பி எண்ணிப் பார்க்க மாட்டான். தைரியமாக எழுதிக் கொடு.

மாமா

*

கிழக்குக் கரை
20 செப்டம்பர் 2026

மாமா,

பயிற்சி முடிந்தது. நீங்கள் சொன்னதை நம்பி, எண்பதுக்கு மேல் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதனால் இடத்தையும் மாற்றவில்லை, தேதியையும் மாற்றவில்லை.

விடியும் நேரத்தில் கரைக்குப் போனோம். நங்கூரம் பிடித்தது. கப்பல் மணலில் உட்கார்ந்தது. கதவு திறந்தது, சாய்தளம் இறங்கியது, ஒரு சத்தம் இல்லை, அவ்வளவு அழகாக இறங்கியது. நாலு வருஷத்தில் எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை. முகத்தில் கரி பூசிக்கொண்டு வீரர்கள் துப்பாக்கியோடு ஓடினார்கள்.

ஓடினவர்கள் நின்றுவிட்டார்கள். எதிரே சைக்கிளில் இளநீர்க் குலையோடு ஒரு ஆள். நம் நீல டீ-சர்ட். எங்களைப் பார்த்ததும் அரிவாளை எடுத்து ஒரு காயைச் சீவ ஆரம்பித்தார்.

அதிகாரி போய்க் கேட்டார். எங்களில் தெலுங்கு தெரிந்தவர் மாற்றிச் சொன்னார். சந்தையில் வாங்கினாராம். "என் மகள் முதுகைப் படித்துப் பார்த்து, இந்தத் தேதியில் இந்தக் கரைக்கு நிறையப் பேர் வருவார்கள் அப்பா என்றாள். அதனால்தான் காய் கூடுதலாகக் கொண்டுவந்தேன். சட்டை நல்ல சட்டை சார், வேர்வையை நன்றாக இழுக்கிறது." முதுகைக் காட்டச் சொன்னார்கள். சந்தோஷமாகத் திரும்பிக் காட்டினார்.

டெல்லியில் எவருக்கும் திட்டம் போடத் தெரியாது என்பீர்களே. அந்த இளநீர்க்காரரைத்தான் கூப்பிட வேண்டும். செய்தி கிடைத்தது, தேதி பார்த்தார், இடம் பார்த்தார், தேவையான சரக்கோடு எங்களுக்கு முன்னால் வந்து நின்றார்.

அதிகாரி என்னைத் திட்டவில்லை. "நீ எழுதிக் கொடுத்திருந்தாய்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

விசாரணை இருக்கிறது. என்ன நடந்தது என்று உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். நடந்தது மட்டும். என்னைக் காப்பாற்றுவதற்காக எதையும் சேர்க்காதீர்கள். உங்களைக் காப்பாற்றுவதற்காகவும் வேண்டாம்.

மைதிலி

*

முதலிபாளையம்
28 செப்டம்பர் 2026

மைதிலிக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். எழுத எழுத எங்கிருந்தோ ஒரு பெரிய ஆள் உள்ளே வந்துவிடுகிறான். இது நாலாவது. உங்கள் அதிகாரியிடம் இதையே காட்டு.

எண்பது பனியனுக்கு வேண்டிய துணிக்கு மட்டும் யாரும் சாயம் போட மாட்டார்கள். ஐம்பது கிலோவுக்குப் போட்டேன். வந்த துணியை முழுக்க வெட்டினேன். இங்கே எல்லாரும் அப்படித்தான் செய்வோம். ஆர்டருக்குப் போனது போக மிச்சம் இருப்பது திருப்பூர் காதர்பேட்டைக் கடைகளுக்குப் போகும், சர்ப்ளஸ் என்று. நஷ்டத்தை அதில்தான் ஈடு கட்டுவோம். பிரிண்டிங்கில் எது ஆர்டர், எது மிச்சம் என்று பிரிக்காமல் கட்டோடு கொடுத்தேன். எல்லாவற்றிலும் படமும் எழுத்தும் அச்சடித்துவிட்டார்கள். நான் கவனிக்கவில்லை என்று எழுதியிருந்தேன், அதை அடித்துவிட்டேன். கவனித்தேன். படம் எடுப்பாக இருந்தது, சீக்கிரம் விற்கும் என்று நினைத்தேன்.

உனக்குப் பெட்டி அனுப்பிய அன்றைக்கே மிச்சத்தைக் காதர்பேட்டையில் ஒரு வியாபாரியிடம் போட்டேன். 'பம்பாயிலிருந்து வந்த பெரிய வியாபாரி' என்று எழுதினேன். அதையும் அடித்துவிட்டேன். சின்ன வியாபாரி. சந்தை சந்தையாகக் கட்டுத் தூக்கிக்கொண்டு போகிறவர்.

உன் கேள்வி வந்தபோது சரக்கு போய்விட்டிருந்தது. வடக்கே எங்கேயோ கரைந்துவிடும் என்று நினைத்து எண்பது என்று எழுதினேன். அது பொய். மைதிலிக்குத் தெரியாது. அவள் படம் மட்டும்தான் போடச் சொன்னாள். இடமும் தேதியும் நான் போட்டது.

அந்த வியாபாரியைத் தேடிப் பிடித்தேன். அவரிடம் விற்காமல் இருந்தது ஒரு சில பீஸ்தான். அதை வாங்கி வந்து நானும் உன் அம்மாவும் கிழித்தோம். அவள் என்னோடு பேசுவதில்லை.

நான் எந்தக் கர்னலையும் பார்த்ததில்லை. இது விசாரணைக்கு வேண்டாம். உனக்கு.

ஆத்தப்பன்

*

கிழக்குக் கரை
15 நவம்பர் 2026

மாமாவுக்கு,

பட்டியல் வந்துவிட்டது. என் பெயர் இல்லை.

டீ-சர்ட்டினாலா என்று கேட்பீர்கள். தெரியவில்லை. நாலில் மூன்று பேர் பெயர் இல்லை. அவர்களில் யாருடைய மாமாவும் பனியன் கம்பெனி வைத்திருக்கவில்லை. என் கூட இருந்தவர்களில் என்னைவிட நன்றாக வேலை செய்கிற பெண்ணும் போகிறாள். ஒருவேளை எண்பது மட்டும் அடித்திருந்தாலும் நான் வீட்டுக்குத்தான் வந்திருப்பேனோ என்னவோ. அதை இனி யாராலும் சொல்ல முடியாது. அதுதான் அசதியாக இருக்கிறது. இன்னாரால் என்று தெரிந்திருந்தால் ஒரு தடவை நன்றாகக் கோபப்பட்டுவிட்டுத் தூங்கியிருப்பேன்.

உங்கள் கடிதத்தை இங்கே ஒரு தமிழ் அதிகாரி படித்துச் சொன்னார். எங்கள் அதிகாரி, "இந்த அளவுக்கு ஒளிக்காமல் யாரும் எழுதிக் கொடுத்ததில்லை" என்றார். என் மேல் பொய் சொன்ன குற்றம் வைக்கவில்லை. அது உங்கள் கடிதத்தால்தான். கவனக்குறைவு என்று மட்டும் எழுதினார். போனில் இடத்தைச் சொன்னது நான்தானே. அது சரிதான்.

ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பழைய கடிதங்களை ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் வாசித்துக் காட்டுவேன். ஒரு வரி தமிழ், ஒரு வரி இந்தி. டபுள் எக்ஸெல் எதிரியைக் கேட்டு ஒரு பஞ்சாபிக்காரர் புரையேறிச் சாகப் பார்த்தார். மறுபடி சொல்லு, மறுபடி சொல்லு என்பார்கள். கடைசிக் கடிதத்தை வாசிக்கவில்லை. அது உண்மையாக இருந்தது. அதில் நீங்கள் இல்லை.

இன்னமும் உங்கள் துணியால்தான் கீலைத் துடைக்கிறேன். நேற்று எடுத்த துண்டில் தேதியில் பாதி இருந்தது. எண்ணெயை நன்றாக இழுக்கிறது. எனக்கு அடுத்து வருகிறவளுக்கும் கொஞ்ச நாள் ஓடும்.

இருபத்தெட்டாம் தேதி காலையில் ரயில் வருகிறது. ஃப்ளெக்ஸ் வைக்காதீர்கள். மாலை வேண்டாம். வேலை பார்த்து வைக்காதீர்கள், மாப்பிள்ளையும் பார்த்து வைக்காதீர்கள். கொஞ்ச நாள் ஆடாத தரையில் படுத்திருக்க வேண்டும்.

மைதிலி

*

முதலிபாளையம்
22 நவம்பர் 2026

மைதிலிக் கண்ணு,

உன் கடிதத்தை அம்மாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "வெந்நி வெக்கோணும், அவளுக்கு ரயில்ல வந்தா மேலு வலிக்கும்" என்றாள். இரண்டு மாசத்துக்கு அப்புறம் என் காதுபட அவள் பேசின முதல் பேச்சு. என்னிடம்தான் சொன்னாளா, அடுப்பிடம் சொன்னாளா, தெரியவில்லை.

ராமர் கடையில் நேற்று கேட்டார்கள். "மைதிலிப் பாப்பா திரும்பி வருதாமே, ஏண்ணே?" என்றார் ராமர். பெரிய பதவிக்குக் கூப்பிட்டார்கள், அம்மாவைப் பிரிய மாட்டேன் என்று வந்துவிட்டாள். இப்படி ஒரு பதில் நாக்கு நுனிவரைக்கும் வந்து நின்றது. நன்றாகவும் இருந்தது. "அவிங்க வெச்சுக்கலீங்க. நடுவுல நானும் ஒரு காரியத்தக் கெடுத்துப்போட்டனுங்க" என்றேன். ராமர் என் கிளாஸை வாங்கிக் கழுவினார். இன்னொரு டீ போட்டு வைத்தார். சர்க்கரை போட மறந்துவிட்டார், குடித்தேன்.

அப்புறம் யாரோ, நம் நாட்டுக்கு இந்த மாதிரி கப்பல் இன்னும் எத்தனை வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். பழக்கத்தில் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். தெரியவில்லை என்றேன்.  அலைக்கு ஆடுகிற கப்பலில் கிரீஸ் டப்பாவோடு நிற்கிறவர்களைக் கேட்க வேண்டும், அதில் ஒருத்தி இருபத்தெட்டாம் தேதி வருகிறாள் என்று சொல்லியிருக்கலாம். அது வீட்டுக்கு நடக்கும்போதுதான் தோன்றியது.

துணி போர்த்தி வைத்த மெஷினில் ஒன்றைத் திறந்து எண்ணெய் விட்டேன். உனக்கு என்று இல்லை. சும்மா கிடந்தால் துருப்பிடிக்கும், நீயே எழுதியிருந்தாய்.

ஃப்ளெக்ஸ் இல்லை. மாலை இல்லை. உன் ரயில் வரும்போது திருப்பூர் ஸ்டேஷனே கொள்ளாத கூட்டம், மேளம், முதலிபாளையமே ஷட்டரைச் சாத்திவிட்டு...

நானும் உன் அம்மாவும் வருகிறோம். இரண்டு பேர்.

மாமா